போங்காவ்: ஓர் ஆற்றங்கரைச் சந்தை நகரமும் அம்பேத்கரை அனுப்பிய மக்களும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்மை விட்டுப் பிரிந்த தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவை நிகழ்த்த என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி. அவரோடு வாசிப்பு வட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு முதலில் அனுப்பியது வங்காளம் என்று யாராவது சொன்னால், அனுப்பிய மக்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கு எங்களில் யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை. இன்று அந்தப் பதிலைத்தான் ஓர் ஊரின் வரலாறு வழியாகச் சொல்லப் போகிறேன்.

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு எதிரே உள்ள தெருக்களில் நடந்தால் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். விடுதி, மருந்துக் கடை, மீன் சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்து மட்டுமல்ல, வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா இறுகியதில் அந்தக் கூட்டம் குறைந்தது. சாப்பாட்டுக் கடையில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் ஊரைக் கேட்டால் ஜெசூர் என்பார், குல்னா என்பார், பரிசால் என்பார். இவை நமக்குப் புத்தகத்தில் பழக்கமான பெயர்கள். அம்பேத்கர் வரலாற்றில் வருகிற ஊர்கள். அங்கிருந்து தரைவழியாக வருகிறவர்களில் பெரும்பாலோர் பெனாபோலில் எல்லை கடந்து, பெட்ராபோலில் இந்திய மண்ணில் கால் வைத்து, போங்காவ் வழியாகக் கொல்கத்தா சேர்ந்து, காட்பாடிக்கு ரயில் ஏறுகிறார்கள். அந்தப் போங்காவ்தான் இன்று நாம் பேசப்போகும் ஊர்.

ஆறும் ஊரும்

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து வடகிழக்கே 77 கிலோமீட்டர். உள்ளூர் ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். ஊர்ப்பெயருக்குக் காட்டுக்கிராமம் என்று பொருள். பழைய ஆவணங்களில் வனகிராம் என்றே வருகிறது. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது இச்சாமதி ஆறு. இன்று போய்ப் பார்த்தால் பல இடங்களில் தண்ணீர் தெரியாது, ஆகாயத்தாமரைதான் தெரியும். இதுவா ஓடங்கள் போன ஆறு என்று தோன்றும்.

இச்சாமதியின் கதை அதன் தலையில் தொடங்குகிறது. கங்கைக் கழிமுகத்தில் ஓர் ஆறு இன்னோர் ஆற்றைப் பெறும், அது மூன்றாவதைப் பெறும். பத்மாவிலிருந்து பிரிகிற மாதாபங்கா ஆறு நதியா மாவட்டத்தின் மாஜ்தியா அருகே இரண்டாகிறது. ஒன்று சூர்ணி, மற்றது இச்சாமதி. பிரிகிற இடத்தில் இச்சாமதியின் படுகை மண் மேவி உயர்ந்துவிட்டது. ரயில் பாலத்தின் தூண்கள் ஓட்டத்தைத் தடுத்ததும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே மழை இல்லாத மாதங்களில் தலையாற்று நீர் சூர்ணிக்குப் போய்விடுகிறது. இச்சாமதிக்குக் கிடைப்பது மழைநீரும், கீழேயிருந்து ஏறி வரும் கடல் ஓதமும்தான். ஓதம் வண்டலை ஏற்றிவிட்டுப் போகும். அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டுபோக மேலேயிருந்து நீர் இல்லை. 2000-இல் வெள்ளம் வந்தபோது போங்காவ் பகுதி மூழ்கிக் கிடந்ததற்கு இதுவும் காரணம். வந்த நீர் வடிய வழியில்லை.

இந்த ஆறு கொஞ்ச தூரம் இந்தியாவில், கொஞ்ச தூரம் வங்கதேசத்தில், கொஞ்ச தூரம் இரண்டுக்கும் நடுவே எல்லையாக ஓடி, பசிர்ஹாட், டாக்கி, ஹஸ்னாபாத் வழியாகச் சுந்தரவனத்துக்குள் இறங்குகிறது. ஹஸ்னாபாத் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ரயில் வருவதற்கு முன் இந்தப் பக்கத்தில் சாலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சரக்கு என்றால் ஓடம், சந்தை என்றால் படித்துறை. நெல், சணல், மீன், ஜெசூர்ப் பகுதிக்குப் பேர்போன ஈச்ச வெல்லம் எல்லாம் தண்ணீர் வழியாகவே போயின. 1882-84 ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து போங்காவ், ஜெசூர் வழியாகக் குல்னாவுக்கு ரயில் போடப்பட்டது. அதே காலத்தில் ராணாகாட்டிலிருந்து ஒரு கிளையும் போங்காவில் வந்து சேர்ந்தது. ஆறும் சாலையும் இரண்டு ரயில் பாதைகளும் கூடுகிற ஊர் சந்தை நகரமாவதில் வியப்பில்லை. அப்போது இது எல்லை ஊர் அல்ல. ஜெசூர் மாவட்டத்தின் ஓர் உட்கோட்டத் தலைநகர், அவ்வளவுதான்.

அவுரிக் காலம்

ரயிலுக்கு முன் இந்த ஊரை உலக வணிகத்தோடு கட்டிப்போட்டது அவுரி. அதிலிருந்து எடுக்கிற நீலச் சாயத்துக்காக ஆற்றோரம் முழுக்க வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் சாயக் கோட்டிகள் நின்றன. போங்காவுக்கு அருகே மொல்லாஹாட்டியில் இருந்தது அவற்றில் பெரியது. விவசாயிக்கு முன்பணம் கொடுப்பார்கள். அதற்குத் 'தாதன்' என்று பெயர். ஒருமுறை வாங்கியவன் நல்ல நெல் நிலத்தில் அவுரி போட வேண்டும். விலையை வாங்குகிறவனே வைப்பான். கணக்கில் பாக்கி தீராது, அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில் ஏறும். பண்ணைக்கடனில் பிறந்து வளர்ந்த நம் பாட்டன்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1859-60-இல் நதியா, ஜெசூர் விவசாயிகள் அவுரி போடமாட்டோம் என்று மறுத்து எழுந்தார்கள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே எழுந்தார்கள். அரசு 1860-இல் அவுரி விசாரணைக் குழு அமைத்தது. அதே ஆண்டில் 'நீல தர்ப்பணம்' நாடகம் வெளிவந்தது. அதை எழுதிய தீனபந்து மித்ரா இந்தப் பக்கத்துச் சௌபேரியா கிராமத்தில் பிறந்தவர். நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள்.

இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. பாடத்தில் இல்லாத ஒன்று: சாயத் தொட்டியில் இறங்கி, இடுப்பளவு நாற்றத் தண்ணீரில் நின்று அவுரித் தழையை அடித்துக் கலக்கியவர்கள் யார்? சோட்டா நாக்பூரிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசிகள். 'பூனோ' என்று, காட்டான் என்ற பொருளில், அவர்களை அழைத்தார்கள். தோட்டங்கள் மூடின, தோட்டக்காரர்கள் போனார்கள், கூலிகளின் சந்ததி அங்கேயே தங்கியது. அந்தப் பெயரும் தங்கியது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவை நம்மில் பலர் 'பதேர் பாஞ்சாலி' மூலம் அறிவோம். அவருடைய ஊர் போங்காவுக்கு அருகே இச்சாமதிக் கரையில் உள்ளது. அவர் இறந்த 1950-இல் 'இச்சாமதி' நாவல் வெளிவந்தது. மொல்லாஹாட்டிக் கோட்டிதான் களம். தலைச்சுமையாகச் சரக்கு கொண்டுபோய் விற்கும் நாலு பால் என்பவன் மெல்ல மெல்லப் பெரிய வணிகனாகிறான். பாக்தி சாதிப் பெண்ணான கயா, துரையின் ஆசைநாயகியாக இருக்கிறாள், துரை போனபின் யாருமற்று நிற்கிறாள். விபூதிபூஷண் பெரிய எழுத்தாளர். நாலு பாலையும் கயாவையும் ஒரே நாவலில் வைத்துப் பார்த்த கண் அவருக்கு இருந்தது. ஆனாலும் அந்த உலகத்தைப் பார்க்கிற இடம் கரைமேல் இருக்கும் வீட்டுத் திண்ணை. ஓடத்திலிருந்து பார்த்தால் அந்த ஊர் எப்படித் தெரியும் என்பதே என் கேள்வி.

ஓடம் வலித்தவர்கள்

கிழக்கு, தெற்கு வங்காளத்தின் சதுப்பு நிலங்களில் பெருந்தொகையாக வாழ்ந்தவர்கள் நமசூத்திரர்கள். ஜெசூர், குல்னா, ஃபரித்பூர், பாக்கர்கஞ்ச் என்று அடுத்தடுத்த மாவட்டங்களில் அடர்ந்திருந்தார்கள். ஓடம் ஓட்டினார்கள், மீன் பிடித்தார்கள். 'பில்' என்று சொல்லப்படும் நீர்க்காடுகளை வெட்டித் திருத்தி நெல்வயல் ஆக்கினார்கள். போங்காவ் போன்ற ஊர்ச் சந்தைக்கு வந்த நெல்லிலும் அதைச் சுமந்த ஓடத்திலும் அவர்களின் உழைப்பு இருந்தது. சாதி இந்துக்களும் அரசு ஆவணமும் அவர்களைச் 'சண்டாளர்' என்று எழுதின.

1872-73-இல் ஃபரித்பூர், பாக்கர்கஞ்ச் பகுதியில் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். தங்களில் ஒருவர் வைத்த விருந்துக்கு மேல்சாதியார் வர மறுத்ததை ஒட்டி, இனி அவர்களின் நிலத்திலோ வீட்டிலோ வேலை செய்வதில்லை என்று நின்றார்கள். சில மாதங்கள் நடந்த அந்த வேலைமறுப்பு, பசியால் தளர்ந்தது. ஆனால் அது ஒரு தொடக்கம். ஓராகாந்தியில் ஹரிசந்த் தாகூர் தொடங்கிய மதுவா சமயத்தை அவர் மகன் குருசந்த் கல்வி இயக்கமாக வளர்த்தார். 1911 மக்கள்தொகைக் கணக்கில் 'சண்டாளர்' என்ற பெயர் நீங்கி 'நமசூத்திரர்' என்ற பெயர் ஏறியது. சென்னை மாகாணத்தில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயருக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 1922-இல். இரண்டு இடத்திலும் இழிபெயரை அரசுப் பதிவேட்டிலிருந்து அழிப்பதே முதல் போராட்டங்களில் ஒன்றாக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்த மக்களிடமிருந்து வந்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். 1904-இல் பரிசால் பகுதியில் பிறந்தார். 1937 தேர்தலில் தனித்தொகுதியில் அல்ல, பொதுத் தொகுதியில் சுயேச்சையாக நின்று காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். பிறகு அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பை வங்காளத்தில் கட்டினார். 1946 மாகாணத் தேர்தலில் வங்காளத்தில் கூட்டமைப்பின் சார்பில் வென்றவர் அவர் ஒருவரே.

ஓட்டும் கோடும்

1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். பம்பாயிலிருந்து அம்பேத்கர் வர வழியில்லை. வங்காளத்திலிருந்து மண்டல் அவரை நிறுத்தினார். இங்கே ஒரு திருத்தம் தேவை. அம்பேத்கர் 'ஜெசூர்-குல்னா தொகுதியில்' வென்றார் என்று நம் மேடைகளில் சொல்கிறோம். அந்தத் தேர்தலில் மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை, நிலத் தொகுதியும் கிடையாது. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தார்கள். மண்டலும் அவரோடு நின்ற பட்டியல் சாதி உறுப்பினர்கள் சிலரும் கட்சிக் கட்டளையையும் மிரட்டலையும் மீறி அளித்த வாக்குகளே அவரை வெல்ல வைத்தன. அந்த உறுப்பினர்களை உருவாக்கியது மேலே சொன்ன சதுப்பு நில மாவட்டங்களின் இயக்கம். மக்களின் பங்கு இதனால் குறையவில்லை, எப்படி நடந்தது என்பது தெளிவாகிறது.

பதினோரு மாதத்தில் நாடு பிரிவது உறுதியானது. 1947 ஜூனில் வங்காளத்தைப் பிரிக்க முடிவானதும் பழைய வங்காளத்தின் இடங்கள் காலாவதியாகின. அம்பேத்கரின் உறுப்பினர் பதவியும் போனது. ஜூன் 30-இல் ராஜேந்திர பிரசாத் பம்பாய்ப் பிரதமர் பி. ஜி. கேருக்குக் கடிதம் எழுத, எம். ஆர். ஜெயகர் விலகிய இடத்தில் ஜூலையில் பம்பாயிலிருந்து அம்பேத்கர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு வேறோர் இடம் கிடைத்தது. அவரை அனுப்பியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ராட்கிளிஃப் தீர்ப்பு 1947 ஆகஸ்ட் 17-இல் வெளியானது. ஜெசூர் மாவட்டம் பாகிஸ்தானுக்கு, அதன் போங்காவ், காய்காட்டா தானாக்கள் மட்டும் இந்தியாவுக்கு. இந்துக்கள் சற்றே அதிகமாக இருந்த குல்னா மாவட்டம் பாகிஸ்தானுக்கு. சுதந்திரம் வந்து மூன்று நாள் வரை எந்த நாட்டில் இருக்கிறோம் என்று போங்காவ் மக்களுக்குத் தெரியாது. அதனால் இன்றும் அங்கே ஆகஸ்ட் 18-ஐக் கொண்டாடுகிறவர்கள் உண்டு.

கோடு நிலத்தை வெட்டியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நமசூத்திரர்களின் அரசியல் பலம், அடுத்தடுத்த மாவட்டங்களில் சேர்ந்து வாழ்ந்ததில் இருந்தது. ஒரு சட்டமன்றத்தில் யாரும் ஒதுக்க முடியாத எண்ணிக்கை அது. கோடு அந்த எண்ணிக்கையை வெட்டியது. கிழக்கே சிறுபான்மைக்குள் சிறுபான்மை. மேற்கே வந்தால் அகதி.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

1946-47-இல் முதலில் கிளம்பியவர்கள் படித்தவர்கள், நிலக்கிழார்கள், அரசு ஊழியர்கள். கொல்கத்தாவில் உறவு இருந்தவர்கள், சொத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள். நமசூத்திர விவசாயிக்கு ஓட்டிக்கொண்டு வர முடியாத சொத்து ஒன்றுதான், தான் திருத்திய நிலம். மண்டல் பாகிஸ்தானில் தங்கி அதன் முதல் சட்ட அமைச்சரானார். முஸ்லிம் விவசாயியும் நமசூத்திர விவசாயியும் ஒரே வயிறு என்று நம்பினார். 1949 டிசம்பரில் குல்னாவின் கால்ஷிராவில் நமசூத்திரர்கள்மீது நடந்த வன்முறையும் 1950 பிப்ரவரியில் பரிசாலில் நடந்த கொலைகளும் அந்த நம்பிக்கையை உடைத்தன. 1950 அக்டோபரில் பதவி விலகி இந்தியாவுக்கு வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து முஸ்லிம் விவசாயிகளும் அதே காலத்தில் கிழக்கே ஓடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எல்லையின் இரு பக்கமும் நடந்து போனவன் உழைக்கிறவன்தான்.

1952 அக்டோபரில் பாஸ்போர்ட் முறை வந்தது. நேற்றுவரை சந்தைக்குப் போன வழி இன்று வெளிநாடு. போங்காவ் ரயிலடியும் ஜெசூர் சாலையும் அகதிகளால் நிறைந்தன. குருசந்தின் பேரன் பிரமதரஞ்சன் தாகூர் காய்காட்டா பக்கத்தில் நிலம் வாங்கித் தாகூர்நகர் என்ற குடியிருப்பை உருவாக்கினார். மதுவாக்களின் தலைமை இடம் இன்று அதுதான். எந்த அரசும் கட்டித்தராத ஊரை அகதிகளே கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் கைப்பொருள் இல்லாமல் அரசு முகாமுக்கு வந்தவர்களின் கதை வேறு. முன்னால் வந்த மேல்சாதி அகதிகள் கொல்கத்தாவைச் சுற்றிக் குடியேற்றங்கள் அமைத்தபோது, பின்னால் வந்த தலித் விவசாயிகளை வங்காளத்துக்கு வெளியே அனுப்பினார்கள். 1958-இல் தண்டகாரண்யத் திட்டம். ஆறும் ஓடமும் அறிந்தவர்களை மத்திய இந்தியாவின் கல்லாங்காட்டில் விட்டார்கள். மண்டல் அதை எதிர்த்தவர்களில் ஒருவர்.

1978-இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்து கூடிய இடங்களில் ஒன்று இச்சாமதிக் கரையிலுள்ள ஹஸ்னாபாத். அங்கிருந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவுக்குப் போய்ச் சுமார் 30,000 பேர் குடியேறினார்கள். பள்ளி, மீன்பண்ணை, படகு கட்டும் இடம் எல்லாம் தாங்களே அமைத்தார்கள். காப்புக்காடு என்று சொல்லி இடது முன்னணி அரசு 1979 ஜனவரி இறுதியில் தீவைச் சுற்றி முற்றுகையிட்டது. குடிநீரும் அரிசியும் போகவில்லை. ஜனவரி 31-இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளை எரித்து எஞ்சியவர்களை வெளியேற்றினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் மக்கள் சொல்லும் எண்ணிக்கைக்கும் இன்றுவரை பெரிய இடைவெளி இருக்கிறது. கீழவெண்மணியைச் சுமக்கிற நமக்கு அந்த இடைவெளியின் பொருள் தெரியும்.

இந்த வாழ்க்கையை வங்காளத் தலித் எழுத்தாளர்கள் தாங்களே எழுதினார்கள். ஜெசூரில் பிறந்து முகாமில் வளர்ந்த ஜதின் பாலா, பரிசாலிலிருந்து குழந்தையாக வந்து ரிக்‌ஷா இழுத்த மனோரஞ்சன் பியாபாரி ஆகியோரின் தன்வரலாறுகள், அவுரி நாவலில் இல்லாத பக்கத்தைச் சொல்கின்றன. ஓடத்திலிருந்து பார்த்த வரலாறு என்று நான் கேட்டது இவற்றைத்தான்.

சரக்கும் மனிதரும்

இன்று பெட்ராபோல்தான் தெற்காசியாவின் மிகப்பெரிய தரைத் துறைமுகம். இந்திய-வங்கதேசத் தரைவழி வணிகத்தில் சுமார் 70 சதவீதம் அதன் வழியே போகிறது. 2016-இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. பஞ்சும் வண்டிச் சட்டங்களும் போகின்றன. நம் தமிழ்நாட்டில் செய்த லாரிச் சட்டங்களும் அந்த வழியாகவே போகின்றன. சரக்கு ஏற்றிய லாரிகள் போங்காவில் வரிசைக்குக் காத்திருக்கும். ஓட்டுநருக்குச் சோறு, உதவியாளுக்கு டீ, சுமை தூக்குகிறவருக்குக் கூலி. ஊரின் பிழைப்பு அது. ஆற்றுத் துறையின் வேலையை எல்லைத் துறை எடுத்துக்கொண்டுவிட்டது. சுமக்கிறவர்களில் பலர் அதே மக்கள்.

போங்காவ் மக்களவைத் தொகுதி 2009 முதல் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. மதுவாக்களின் ஓட்டுக்கு எல்லாக் கட்சிகளும் தாகூர்நகருக்கு வருகின்றன. ஆனால் ஓட்டுப் போடுகிற அதே மனிதரிடம், நீ எப்போது வந்தாய், உன் தாளைக் காட்டு என்ற கேள்வியும் போகிறது. 2003 குடியுரிமைத் திருத்தம் தாள் இல்லாமல் வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி ஆக்கியது. 2019 சட்டம் மத அடிப்படையில் சிலருக்கு வழி திறப்பதாகச் சொன்னது, அதன் விதிகள் 2024 மார்ச்சில்தான் வந்தன. அதற்கும் எங்கிருந்து வந்தோம் என்பதற்குத் தாள் வேண்டும். இரவில் ஓடத்தில் வந்தவனிடம் என்ன தாள் இருக்கும்? ஒரு பஞ்சுப் பொதிக்கு இருக்கிற ஆவணம் அதைச் சுமக்கிறவனுக்கு இல்லை.

ஜோகேந்திரநாத் மண்டல் இந்தியா வந்தபின் தேர்தல்களில் நின்றார், தோற்றார். பாகிஸ்தானுக்குப் போனவர் என்று இங்கே ஒதுக்கினார்கள், இந்தியாவுக்கு ஓடியவர் என்று அங்கே மறந்தார்கள். 1968 அக்டோபர் 5-இல் அவர் இறந்தார். இறந்த இடம் போங்காவ்.

தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அம்பேத்கரை அனுப்பிய மக்கள் காணாமல் போகவில்லை. போங்காவிலும் தாகூர்நகரிலும் தண்டகாரண்யத்திலும் அந்தமானிலும், எல்லைக்கு அப்பால் ஜெசூரிலும் குல்னாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பியவர் எழுதிய அரசியல் சட்டத்தின் கீழ்தான் அவர்களில் பலர் இன்னும் குடியுரிமைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஜெசூர், குல்னா என்ற பெயர்களை மேடையில் பெருமையோடு சொல்கிற நமக்கு, அந்த மனுவின் நிலையைக் கேட்கும் கடமையும் உண்டு. அடுத்த முறை வேலூர்த் தெருவில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், அவரிடமிருந்தே தொடங்கலாம்.